மகளிர் நல அறநிறுவனத்தில் நிர்வாகக் குழு இடம் தருகிறார்கள், ஏற்கலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி, மார்ச் 3

எனக்கு 41 வயது, வங்கியில் வேலை. பெண்களுக்கான உடல்நலப் பரிசோதனை, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு என்று சிங்கப்பூரில் இயங்கும் ஒரு சிறிய அறநிறுவனம் என்னை நிர்வாகக் குழுவில் சேரச் சொல்கிறது. "எங்கள் குழுவில் இந்தியர் யாரும் இல்லை, நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்" என்றார் தலைவர் அம்மா. ஆண்டுக்கு நான்கு கூட்டம்தானாம். சம்பளம் கிடையாது. ஒப்புக்கொள்ளலாமா? ஏதாவது பொறுப்பு என் தலையில் வந்து விழுமா?

மார்ச் 3, இரவு

விழும். அந்த "நான்கு கூட்டம்தான்" கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். என்னையும் இப்படித்தான் அழைத்தார்கள். பெண்கள் நலத்துக்காக இயங்கும் ஓர் அமைப்பில் பொருளாளராக இருந்தவள் நான், பெயர் வேண்டாம். மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதால் எண்கள் எனக்குப் புதிதல்ல. குழுவில் என்னைத் திணறடித்தது வேறொன்று: கேள்வி கேட்காமல் இருப்பதையே மரியாதை என்று நினைக்கும் பழக்கம்.

அறநிறுவனச் சட்டத்தைப் பொறுத்தவரை, நிர்வாகத்தின் பொதுக் கட்டுப்பாடும் மேலாண்மையும் யார் கையில் இருக்கிறதோ அவர்களே குழு உறுப்பினர்கள். சம்பளம் வாங்காததால் இந்தப் பொறுப்பு குறைவதில்லை. நீங்கள் வராத கூட்டத்தில் எடுத்த முடிவுக்கும் உங்களுக்குப் பங்கு உண்டு.

மார்ச் 4

ஒப்புக்கொள்வதற்கு முன் என்ன கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். காகிதம் கேளுங்கள். அமைப்பின் விதிகள், தணிக்கை செய்த கணக்கு (மூன்று ஆண்டுக்காவது), அண்மைய கூட்டக் குறிப்புகள். தலைவரிடம் கேட்காமலே நீங்கள் பார்க்கக்கூடியவையும் உண்டு. அறநிறுவன இணையவாசலில் பெயரைத் தட்டினால் ஆண்டறிக்கையும், ஆளுகை நெறிமுறையை (அறநிறுவனத்தை எப்படி நடத்த வேண்டும் என்ற வழிகாட்டி) எந்த அளவுக்குப் பின்பற்றுகிறார்கள் என்று அவர்களே நிரப்பிக் கொடுத்த பட்டியலும் கிடைக்கும். நெறிமுறை "பின்பற்று, இல்லையென்றால் விளக்கம் சொல்" என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. அதனால் "பின்பற்றவில்லை" என்று இருந்தால் உடனே பதற வேண்டாம், பக்கத்தில் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படியுங்கள். "சிறிய அமைப்பு என்பதால் தேவைப்படவில்லை" என்ற ஒரே வரி ஆண்டுக்கு ஆண்டு அப்படியே வந்துகொண்டிருந்தால், அந்தப் பட்டியலை யாரோ ஓர் ஊழியர் தனியாக நிரப்புகிறார், குழு படிக்கவில்லை என்று அர்த்தம்.

நான் பார்க்கும் வரிசை வேறு. முதலில் பொருளாளர் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று பார்ப்பேன். தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் கூடாது, மறுபடி வர வேண்டுமானால் இடையில் இரண்டு ஆண்டாவது விலகியிருக்க வேண்டும் என்கிறது நெறிமுறை. அப்புறம் கூட்ட வருகைப் பதிவு. ஒவ்வொரு உறுப்பினரும் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்று ஆண்டறிக்கையில் இருக்கும். பெயர்பெற்ற ஒருவர் பட்டியலில் மேலே இருப்பார், வருகைப் பத்தியில் பூஜ்யம் இருக்கும். அந்தப் பெயரை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

மார்ச் 4, மாலை

"நல்ல காரியம் செய்ய வருகிறவர்களை இப்படிச் சந்தேகப்பட வேண்டுமா?" என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார்.

ஐயா, 2005ஐ மறக்க முடியவில்லை. தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்து, தொலைபேசி எண்ணை அழுத்தி நன்கொடை கொடுத்தவர்கள் நாம். வழக்குத் தொடுத்ததே அதன் தலைமை நிர்வாகி டி.டி. துரையும் அறநிறுவனமும்தான், நாளிதழ் தங்களை அவதூறு செய்துவிட்டது என்று. அந்த ஆண்டு ஜூலையில் விசாரணை தொடங்கியது. துரைக்கு ஆண்டுக்கு 6 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவுக்குச் சம்பளமும் போனஸும் போனது நீதிமன்றத்தில் வெளிவந்தது. இரண்டாம் நாளே வழக்கை மீட்டுக்கொண்டார்கள். சில நாளில் அவரும் குழுவும் விலகினார்கள். ஆயிரக்கணக்கானோர் மாதாந்தர நன்கொடையை நிறுத்தினார்கள்.

அந்தக் குழுவில் படித்தவர்களும் அனுபவசாலிகளும் இருந்தார்கள் என்பதைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். தலைமை நிர்வாகியிடம் அளவுக்கு மீறிய அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டார்கள் என்று பின்னால் வந்த தணிக்கை அறிக்கை சொன்னது. 2007இல் சட்டத் திருத்தம், அறநிறுவன மன்றம், ஆளுகை நெறிமுறை எல்லாம் அடுத்தடுத்து வந்தது அதற்குப் பிறகுதான். இன்று நாம் கேட்கும் காகிதமெல்லாம் அந்த நன்கொடையாளர்களின் ஏமாற்றத்திலிருந்து பிறந்தவை. கேட்பதில் அவமரியாதை இல்லை.

மார்ச் 6

"இந்தியர் யாரும் இல்லை" என்றாரே, அதைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

என்னை அழைத்ததற்கும் அது ஒரு காரணம். முதல் கூட்டத்திலேயே தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை என்னிடம் நீட்டி, பிழை பார்த்துத் தரச் சொன்னார்கள். பார்த்துக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில், எத்தனை பிரசுரம் அச்சடித்தோம், எந்தெந்தச் சமூக மன்றத்தில் வைத்தோம், எந்தக் கோயில் மண்டபத்தில் கொடுத்தோம் என்று அழகான அட்டவணை வந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். பிரசுரத்தை வாங்கியவர்களில் எத்தனை பேர் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு கணக்கே இல்லை. அது எங்கள் வேலை இல்லை, மருத்துவமனை வேலை என்றார் ஒருவர்.

அப்புறம் நானே ஒரு தொண்டூழியரைக் கூட்டிக்கொண்டு லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் துப்புரவு வேலை செய்யும் பெண்கள் சிலரிடம் பேசினேன். எல்லாரும் 50 தாண்டியவர்கள். 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் எடுக்க வேண்டும் என்பது பாதிப் பேருக்கு முன்பே தெரியும். பிரசுரம் சொன்னதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். "ஆம்பளை இருப்பாங்களா அங்க?" என்று ஒருவர் கேட்டார். இங்கே மேமோகிராம் எடுத்துவிடும் ஊழியர்கள் பெரும்பாலும் பெண்கள்தான், அதை எங்கள் பிரசுரத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. இன்னொருவருக்குக் காலையில் விடுப்பு எடுத்தால் அன்றைய காசு போய்விடும். மூன்றாமவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: "ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் யாரு பாப்பா?" பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர், கணவருக்கு டயாலிசிஸ், அழைத்துப் போவதும் அவர். அவர் படுத்தால் வீடு நின்றுபோகும். மானியம் எவ்வளவு, மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்பு) பயன்படுத்தலாம் என்றெல்லாம் நாங்கள் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். அவருடைய பயத்துக்கு அதில் பதில் கிடையாது.

இதையெல்லாம் குழுவில் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்கள், உண்மையாகவே கேட்டார்கள். நேரம் மாற்றப்பட்டது, மாலை நேரத்துக்கும் இடம் ஒதுக்க ஏற்பாடு நடந்தது. பரிசோதனையில் ஏதாவது தெரியவந்தால் கூடவே வந்து, வீட்டு ஏற்பாடு உட்பட எல்லாவற்றுக்கும் கைகொடுக்க ஒரு தொண்டூழியர் அணியும் அமைந்தது.

ஆகவே இந்தியர் என்பதால் உங்களை அழைத்தால் கோபப்படத் தேவையில்லை. ஆனால் உங்களிடமிருந்து படமும் பிழைதிருத்தமும் மட்டும் வேண்டுமா, அல்லது வரவுசெலவுத் திட்டத்தை மாற்றும் அளவுக்குக் கேள்வியும் வேண்டுமா என்று அந்த அம்மாவிடம் நேராகக் கேளுங்கள். நல்ல தலைவராக இருந்தால் அந்தக் கேள்வியிலேயே உங்களைப் பிடித்துப்போகும்.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. நாங்கள் பேசிய பெண்களில் இல்லப் பணிப்பெண் ஒருவரும் இருந்தார், தஞ்சாவூர்ப் பக்கம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவருக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அதில் பார்ப்பது கர்ப்பமா, தொற்றுநோய் உண்டா என்பது. மார்பகம், கருப்பை வாய் பற்றி அதில் பேச்சே இல்லை. அரசாங்க மானியப் பரிசோதனைத் திட்டங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. அப்படியானால் எங்கள் அமைப்பின் விதியில் "சிங்கப்பூரில் உள்ள பெண்கள்" என்று இருக்கிறதே, அதில் இவர் உண்டா இல்லையா? இதைத் தீர்மானிப்பது ஊழியர் வேலை அல்ல, நிர்வாகக் குழுவின் வேலை. என் காலத்தில் இதற்கு முழு விடை கிடைக்கவில்லை. உங்கள் அமைப்பின் விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மார்ச் 7

ஒரு திருத்தம், இழையில் இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதியிருப்பதால். ஐபிசி தகுதி (நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் தகுதி) பெற்ற அமைப்புக்கு 100 வெள்ளி கொடுத்தால் வரியில் 250 வெள்ளி குறையும் என்பது சரியில்லை. வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்துதான் 250 வெள்ளி கழியும். உங்கள் வருமானத்தின் மேல்பகுதிக்கு 7 விழுக்காடு வரி என்றால் உங்களுக்கு மிச்சமாவது பதினேழரை வெள்ளி. வருமான வரியே கட்டாத இல்லத்தரசி கொடுக்கும் 100 வெள்ளிக்கு ஒன்றும் திரும்ப வராது. எங்களுக்கு மாதாமாதம் தவறாமல் அனுப்பியவர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. குழுவில் உட்காரும்போது அவர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 9

மருத்துவர்கள் குழுவில் வேண்டாம் என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். சொல்லவே இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 25 முதல் 29 வயது வரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பாப் பரிசோதனை, 30 வயதிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை எச்பிவி (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை என்று ஏன் பிரித்திருக்கிறார்கள் என்பதை எங்கள் குழுவுக்குப் பொறுமையாக விளக்கியவர் ஒரு மகப்பேறு மருத்துவர்தான். அவர் இல்லாவிட்டால் இளம்பெண்களுக்குத் தேவையில்லாத பரிசோதனையில் பணத்தைக் கொட்டியிருப்போம்.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. எலும்பு அடர்த்தி பார்க்கும் கருவி ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தது. வயதான பெண்களுக்கு மிகவும் தேவையான கருவி, அதில் மாற்றுக் கருத்தில்லை. யோசனை சொன்னவர் குழுவில் மதிப்புக்குரிய இன்னொரு மருத்துவர். எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்பதையும் அவரே சொன்னார். அது அவர் குடும்பத்தாரின் நிறுவனம் என்பது காகிதத்தில் இருந்த முகவரியைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று விலைப்புள்ளி வேண்டும், அவர் விவாதத்தில் பங்கெடுக்கக் கூடாது, வாக்களிக்கவும் கூடாது என்றேன். அறை அப்படியே உறைந்தது. "அவர் இந்த அமைப்புக்கு எவ்வளவு செய்திருக்கிறார், அவரைப் போய் இப்படிக் கேட்கலாமா?" என்றார் துணைத் தலைவர். இலவச முகாம்களில் எத்தனையோ சனிக்கிழமைகளை அவர் கொடுத்திருந்தார், அது உண்மை. அவர் விலை நியாயமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் வேறு விலையே கேட்காமல் அதை எப்படி அறிவது?

அவர் மனம் புண்பட்டது, கொஞ்ச நாளில் விலகிவிட்டார். எனக்கு அது இன்றும் வருத்தம்தான். பிறகு யோசித்தபோது, ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் தம் தொழில், குடும்பத் தொடர்புகளை எழுதிக் கையெழுத்திடும் படிவம் ஒன்று இருந்திருந்தால் இது தனிப்பட்ட குற்றச்சாட்டாகவே ஆகியிருக்காது என்று பட்டது. படிவம் கேட்டிருக்கும், நான் கேட்க வேண்டியிருக்காது. உங்கள் அமைப்பில் அந்தப் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைசியாக எப்போது நிரப்பினார்கள் என்றும் பாருங்கள்.

மார்ச் 10

இல்லை, கருவி வாங்கவில்லை. கேட்டவருக்கு.

மார்ச் 13

தலைவருக்கும் தலைமை நிர்வாகிக்கும் உள்ள உறவைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இது நம் அமைப்புகளில் எல்லா இனத்தாரிடமும் பார்த்தது, நம்மவர்களிடம் இன்னும் கொஞ்சம் அதிகம். தலைவர் அக்கா, தலைமை நிர்வாகி தங்கச்சி. பாசம் நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கொரு முறை தங்கச்சியின் வேலையை மதிப்பிட்டு, சம்பளத்தை முடிவு செய்ய வேண்டியது அக்கா தலைமையிலான குழு. "அவளுக்கு நாம் மார்க் போடுவதா" என்று அந்த வேலையை விட்டுவிடுவார்கள். மதிப்பீடு இல்லாததால் நன்றாகச் செய்தாலும் பாராட்டு பதிவாகாது, தவறினாலும் சொல்ல இடம் இருக்காது.

நெறிமுறைப்படி ஊழியர் குழுவுக்குத் தலைமை வகிக்கக் கூடாது. தம் சம்பளத்தைத் தாமே முடிவு செய்யவும் கூடாது. அதிகச் சம்பளம் வாங்கும் முதல் மூவர் 1 லட்சம் வெள்ளிக்கு மேல் பெற்றால் எந்த வரம்பில் பெறுகிறார்கள் என்று வெளியிட வேண்டும். இந்த வரியைப் படித்தவுடன் சிலருக்குக் கோபம் வருகிறது, அறநிறுவனத்தில் இருப்பவருக்கு எதற்கு இவ்வளவு சம்பளம் என்று. எனக்கு அந்தக் கோபம் இல்லை. குறைந்த சம்பளத்தில் நல்ல தாதி ஒருவரை வைத்திருந்தோம். அவர் போனபோது அவருக்குத் தெரிந்த நோயாளிகளின் நம்பிக்கையும் போனது. நல்ல சம்பளம் கொடுக்கட்டும். யார் முடிவு செய்தார்கள், எதை ஒப்பிட்டு முடிவு செய்தார்கள் என்பது குறிப்பில் இருக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. குழு அளவுக்கு மீறித் தலையிடுவதையும் பார்த்திருக்கிறேன். அக்டோபர் விழிப்புணர்வு நடைக்கு எந்த அளவு இளஞ்சிவப்புச் சட்டை, பரிசுப் பையில் என்ன வைப்பது என்று முக்கால் மணி நேரம் பேச்சு. சேமிப்பு நிதிக் கொள்கை கடைசியில் வந்து இரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. வருமானம் நின்றால் எத்தனை மாதம் நோயாளிகளுக்குத் துணையாக இருக்க முடியும் என்பதுதான் அந்தக் கொள்கை. நிகழ்ச்சி நிரலில் அதை முதலிடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி நான் நச்சரித்தேன்.

மார்ச் 14

ஆண்கள் இருக்கலாமா என்ற கேள்விக்கு: இருக்கலாம், என் அனுபவத்தில் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் மனைவியைச் சினைப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒருவர் இருந்தார், ரயில் பராமரிப்புப் பொறியாளர். மருத்துவமனை அனுப்பும் குறுஞ்செய்திகளை அவர் மனைவி திறப்பதே இல்லையாம், ஆங்கிலத்தில் இருந்ததால் மோசடிச் செய்தி என்று நினைத்தாராம். எங்கள் நினைவூட்டல் செய்திகள் நான்கு மொழியில் போக ஆரம்பித்தது அவரால். நிர்வாகக் குழுக்களில் பெண்களின் விகிதத்தை 2019 முதல் ஒரு மன்றம் எண்ணி வெளியிடுகிறது, பெரிய ஐபிசி அமைப்புகளையும் சேர்த்து. எண்ணட்டும், தேவையான வேலை. எங்கள் குழுவில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அநேகமாக எல்லாரும் ஒரே மாதிரிப் பள்ளியில் படித்து, ஒரே மாதிரி வேலை பார்த்து, ஒரே மாதிரி மருத்துவரிடம் போகிறவர்கள். மானிய வரிசையில் நின்றவர் யாரும் இல்லை. அந்தக் குறை எந்த விகிதத்திலும் தெரியாது.

மார்ச் 15

"உறுப்பினர் கூட்டமெல்லாம் வெறும் சடங்கு" என்று எழுதியவருக்கு 2009ஐ நினைவூட்டுகிறேன். அவேர் (பெண்கள் உரிமைச் சங்கம்) உடல்நல அமைப்பு அல்ல, ஆனால் அன்றைய சண்டையின் நடுவில் இருந்தது அவர்களின் பாலியல் கல்வித் திட்டம், அதனால் இங்கே பொருந்தும். மார்ச் மாத ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பான்மை இடங்களைப் பிடித்தார்கள். பழைய உறுப்பினர்கள் எப்போதும்போல் குறைவாகத்தான் வந்திருந்தார்கள். விதிகளின்படி எல்லாம் நடந்தது. மே 2ஆம் தேதி சன்டெக்கில் அசாதாரணப் பொதுக்கூட்டம் கூடியபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 1,414, எதிராக 761. புதிய குழு விலகியது.

யார் பக்கம் நியாயம் என்று இங்கே மறுபடி சண்டை தொடங்க வேண்டாம், தயவுசெய்து. எனக்கு முக்கியமானது, ஓர் அமைப்பின் திசையை அன்று தீர்மானித்தது உறுப்பினர் பட்டியல் என்பது. உங்கள் அமைப்பில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் யார்? பலன்பெறும் பெண்கள் உறுப்பினராக முடியுமா? சந்தா எவ்வளவு? நிர்வாகக் குழுவே உறுப்பினர், உறுப்பினரே நிர்வாகக் குழு என்றிருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யார் யாரிடம் கணக்குக் கேட்பது?

மார்ச் 16, ஞாயிறு

கொஞ்சம் விலகிப் போகிறேன். நேற்று எழுதியதைப் படித்த என் மகள், அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள் என்று கேட்டாள்.

கேகே மருத்துவமனை 1924இல் இலவசப் பிரசவ மருத்துவமனையாகத் தொடங்கியது. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, உலகச் சாதனை. என் தலைமுறையில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். அத்தனை பிரசவத்துக்கு நடுவில், அடுத்த குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று பெண்ணிடம் கேட்க ஒரு சங்கம் 1949இலேயே வந்துவிட்டது: குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம். முன்னின்றவர்களில் கான்ஸ்டன்ஸ் கோ ஒருவர். போருக்குப் பின் பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போடும் நிலையத்தில் வேலை செய்தவர், அந்தத் தாய்மார்களைப் பார்த்துத்தான் இதில் இறங்கினார். 1966இல் அந்தப் பணியை அரசாங்க வாரியம் ஏற்றது.

இன்னொருவர் கன்வல்ஜித் சொயின், கை அறுவைச் சிகிச்சை மருத்துவர், முதல் பெண் நியமன நாடாளுமன்ற உறுப்பினர். அவேரைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2007இல் வயதான பெண்களுக்காக விங்ஸ் அமைப்பைத் தொடங்க முன்னின்றார். அவரவர் பார்த்த நோயாளியிடமிருந்து, தாயிடமிருந்து தொடங்கியவர்கள் இவர்கள். பின்னால் வரும் குழு உறுப்பினர்களுக்கு அந்த நேரடிப் பார்வை தானாகக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது மேமோபஸ் (மேமோகிராம் எடுக்கும் நடமாடும் பேருந்து) நிற்கும் இடத்தில், பதிவு மேசையில் ஒரு காலை முழுக்க உட்காருங்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டத்துக்கு வரும் அறிக்கை வேறு மாதிரித் தெரியும் அப்புறம்.

மார்ச் 20

நிதி திரட்டும் விருந்து பற்றி. ஐபிசி அமைப்பு நிதி திரட்டச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி. 28 வந்தால் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். எங்கள் இரவு விருந்து நன்றாகத்தான் நடந்தது, பணமும் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதம் நோயாளித் துணைப் பிரிவின் ஊழியர்கள் மேசை விற்பதிலும் இருக்கை வரிசை போடுவதிலும் இருந்தார்கள். கீமோதெரபிக்குப் போகும் பெண்ணைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியவர்கள் அவர்கள். அந்த நேரத்தையும் செலவாகக் கணக்கிட்டீர்களா என்று கேளுங்கள். நான் கேட்ட பிறகு விருந்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று மாற்றினார்கள். நடுவில் வரும் ஆண்டில் மாதாந்தர நன்கொடையாளர்களைச் சேர்ப்பதில் கவனம் போனது. மெதுவான வருமானம், ஆனால் ஊழியர்கள் தங்கள் வேலையில் இருந்தார்கள்.

மார்ச் 26

கேள்வி கேட்ட வாசகி திரும்ப வந்திருக்கிறார், மகிழ்ச்சி. கணக்கும் விதிகளும் உடனே கிடைத்தன என்கிறார். கூட்டக் குறிப்புகளை மட்டும் "உறுப்பினரான பிறகு தருகிறோம்" என்றார்களாம். அதில் தவறில்லை, நோயாளிகள், ஊழியர்கள் பற்றிய விவரம் இருக்கலாம். ஓர் இரவு அலுவலகத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், ரகசியக் காப்பு உறுதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு. பொருளாளர் ஏழாவது ஆண்டாகத் தொடர்கிறார், விளக்கப் பத்தி காலியாக இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். நான்கு ஆண்டு விதி புரிந்துவிட்டது உங்களுக்கு.

இதனால் மறுத்துவிடுவதா என்று கேட்கிறீர்கள். மறுக்க வேண்டாம். ஏழு ஆண்டு தொடரும் பொருளாளர் பெரும்பாலும் வேறு யாரும் முன்வராததால் மாட்டிக்கொண்டவர், திருடர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரையே தனியாகச் சந்தித்து ஒரு காப்பி குடியுங்கள். கைமாற்ற ஆள் கிடைத்தால் விட்டுவிடத் தயாரா என்று கேளுங்கள். நீங்கள் வங்கியில் இருப்பவர், அவருக்கு நிம்மதியாகக்கூட இருக்கும்.

மார்ச் 27

தலைவரிடம் என்ன சொல்வது என்று இன்று காலை வந்த கேள்விக்கு விடை: தலைவர் அம்மாவிடம் இரண்டு நிபந்தனை வையுங்கள். தமிழ்ப் பிரசுரத்தைச் சரிபார்ப்பேன், ஆனால் தணிக்கைக் குழுவிலோ நிதிக் குழுவிலோ இடம் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று நியமனக் கடிதத்திலேயே எழுதித் தர வேண்டும். இரண்டுக்கும் சரி என்றால் கையெழுத்துப் போடுங்கள். முதல் கூட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்விகளை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் குறிப்புகளுக்கு ஒப்புதல் தருவதற்கு முன் அவை பதிவாகியிருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு ஒப்புதல் கொடுங்கள்.